345 கிலோ விமானமும் 45 டன் டாங்கியும்

1944 செப்டம்பர் 20. பிரான்சின் லொரேன் பகுதியில் அராகூர் என்ற சிற்றூரைச் சுற்றிக் காலையிலிருந்தே கடும் மூடுபனி. அந்தப் பனியின் மறைவில் ஜெர்மன் டாங்கிகள் அமெரிக்காவின் 4-ஆவது கவசப் படைப்பிரிவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. நண்பகல் வாக்கில் பனி விலகியபோது அவற்றின் தலைக்கு மேல் சிறு விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பைப்பர் எல்-4 என்று அதற்குப் பெயர். 65 குதிரைத்திறன் எஞ்சின், பருத்தித் துணி போர்த்திய உடல். கவசம் கிடையாது, இயந்திரத் துப்பாக்கியும் கிடையாது. ஆனால் அதன் இறக்கைகளைத் தாங்கும் கம்பிகளில், பக்கத்துக்கு மூன்றாக, ஆறு பசூக்காக் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. காலாட்படை வீரர்கள் தோளில் வைத்துச் சுடும் அதே பசூக்கா.

ஓட்டியவர் மேஜர் சார்லஸ் கார்ப்பென்டர். போருக்கு முன்பு இலினாய் மாநிலத்தின் மோலீன் நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வரலாறு கற்பித்தவர். அன்று பிற்பகல் அவர் திரும்பத் திரும்பத் தாழப் பாய்ந்தார். ராக்கெட் தீர்ந்ததும் இருமுறை தரையிறங்கி நிரப்பிக்கொண்டு மறுபடியும் போனார். குறைந்தது 16 ராக்கெட்டுகளைச் செலுத்தி, இரண்டு டாங்கிகளையும் பல கவச வண்டிகளையும் நகரவிடாமல் செய்தார் என்பது அன்றைய கணக்கு. டாங்கிகள் பின்வாங்கின. படைக்குத் தண்ணீர் வழங்கும் இடத்தில் சிக்கிக்கொண்டிருந்த அமெரிக்க வீரர்கள் தப்பினார்கள்.

இதை வீரசாகசமாக மட்டுமே பலரும் சொல்கிறார்கள். கார்ப்பென்டரின் துணிச்சல் பெரிதுதான். ஆனால் துணிச்சலால் இரும்பு துளைபடாது. அதற்கு இயற்பியல் வேண்டும். எடையின்மை, மந்த வேகம், துணி உடல் என்று இந்த விமானத்தின் குறைகளாக யாரும் எண்ணக்கூடியவையே அதைக் காப்பாற்றின, ஆயுதம் சுமக்கவும் வைத்தன. போர் முடிந்த பிறகு அதற்குப் பிழைப்புக் கொடுத்ததும் அவைதான்.

போருக்காகப் பிறந்த விமானம் அல்ல இது. 1930-இல் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு நகரில் கில்பர்ட் டெய்லர் என்ற வடிவமைப்பாளர் ஏழை விமானியும் வாங்கக்கூடிய எளிய விமானம் ஒன்றைச் செய்ய முயன்றார். அவருடைய நிறுவனத்தில் பணம் போட்டிருந்தவர் வில்லியம் பைப்பர், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலில் இருந்தவர். பொருளாதாரப் பெருமந்தம் அந்த நிறுவனத்தை விழுங்கியது. பைப்பர் அதை மலிவாக வாங்கினார். சில ஆண்டுகளில் டெய்லர் பிரிந்து போனார். 1937 மார்ச்சில் பிராட்ஃபோர்டு தொழிற்சாலை தீக்கிரையானது. பைப்பர் சளைக்கவில்லை. அதே மாநிலத்தில், சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் இருக்கும் லாக் ஹேவன் நகரில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பட்டு ஆலையைப் பிடித்து, அங்கே தொழிலைத் தொடங்கினார். ஜே-3 கப் என்ற மஞ்சள் விமானம் அங்கிருந்துதான் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தது. பட்டு நெய்த கட்டடத்தில் பருத்தி போர்த்திய விமானம்!

1939-இல் அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் பயின்றவர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் தொட்டது இந்தக் கப் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கம்பியைத்தான். 1941-இல் தரைப்படையின் பெரிய போர்ப்பயிற்சிகளுக்கு பைப்பர் நிறுவனம் தன் விமானங்களையும் விமானிகளையும் அனுப்பிவைத்தது. புழுதிக் காட்டில் துள்ளித் துள்ளித் தரையிறங்கிய ஒன்றைப் பார்த்த ஜெனரல் இன்னிஸ் ஸ்விஃப்ட், வெட்டுக்கிளி மாதிரி இருக்கிறது என்று சொன்னார். அந்தப் பெயர் படை முழுவதும் ஒட்டிக்கொண்டது. பின்புறமும் மேற்புறமும் கண்ணாடி விரிவாக்கப்பட்டு, ரேடியோ ஒன்று சேர்க்கப்பட்டு, மஞ்சளுக்குப் பதில் மங்கிய பச்சை பூசப்பட்டது. இப்படி ஜே-3 எல்-4 ஆயிற்று. போர் முடிவதற்குள் 5,000-க்கும் மேற்பட்ட எல்-4 விமானங்கள் கட்டப்பட்டன.

அதன் உடலைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். எஃகுக் குழாய்களை வெல்டிங் வைத்து இணைத்த கூடு. இறக்கையின் நீளவாட்டில் ஸ்ப்ரூஸ் மரச் சட்டங்கள், குறுக்கே மெல்லிய அலுமினிய விலாக்கள். இவற்றின் மேல் பருத்தித் துணி இழுத்துத் தைக்கப்படுகிறது. இதற்கென்றே நெய்த உயர்தரப் பருத்தி அது. ஓர் அங்குல அகலத் துண்டு 80 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். வெயிலிலும் ஈரத்திலும் நலிந்து 56 பவுண்டுக்குக் கீழே போனால் துணியை உரித்துப் போட்டுவிட்டுப் புதிது போர்த்த வேண்டும்.

வெறும் துணியை வைத்துப் பறக்க முடியாது. காற்று அதன் இழைகளுக்கு ஊடே புகுந்துவிடும். அதனால் ‘டோப்’ என்னும் திரவத்தைப் பல முறை பூசுவார்கள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை காய்ந்ததும் விறைத்து நிற்பதைப் போல, டோப் பூசிய துணியும் விறைக்கும். அதோடு சுருங்கி, சட்டத்தின் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். டோப்பின் மூலப்பொருள் செல்லுலோஸ். பருத்தியும் செல்லுலோஸ்தான். ஆக, பருத்தியின் மேல் பூசப்படுவது வேதியியல் மாற்றம் பெற்ற அதே பொருள். செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியவைத்தால் கிடைக்கும் பழைய வகை டோப், துப்பாக்கிகளில் பயன்படும் வெடிபஞ்சுக்கு நெருங்கிய உறவு, சட்டென்று தீப்பற்றும். பின்னால் வந்த பியூட்டிரேட் வகை மெதுவாகத்தான் எரியும். மேல் பூச்சுகளில் அலுமினியத் தூளைக் கலப்பார்கள். பளபளப்புக்காக அல்ல, துணியை அரிக்கும் புற ஊதாக் கதிரைத் தடுக்க.

எஞ்சினும் இதே எளிமைதான். நான்கு சிலிண்டர், காற்றால் குளிரும் கான்டினென்டல். பேட்டரி இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. ஒருவர் முன்னால் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டி விமானிக்கு முன்னால் சற்று உயரத்தில் இருப்பதால் எரிபொருள் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கும், பம்ப் தேவையில்லை. எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று காட்டுவதற்கு ஒரு தக்கை, அதில் செருகிய ஒரு கம்பி. கம்பி தொட்டியின் மூடி வழியாகக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அது கீழே இறங்க இறங்க, வீடு திரும்பும் நேரம் நெருங்குகிறது என்று பொருள். இதைவிட நம்பகமான அளவுமானியை நான் படித்ததில்லை.

இப்படிச் செய்த விமானத்தின் வெற்று எடை சுமார் 345 கிலோ. ஆட்களும் எரிபொருளும் ஏறினால் 550 கிலோ. இங்கேதான் முதல் வியப்பு இருக்கிறது. இதன் இறக்கைப் பரப்பு 16.6 சதுர மீட்டர். ஜெர்மனியின் புகழ்பெற்ற மெஸ்ஸர்ஷ்மிட் 109 சண்டை விமானத்தின் இறக்கைப் பரப்பும் ஏறக்குறைய அதே 16 சதுர மீட்டர்தான். ஆனால் அதன் எடை 3,100 கிலோவுக்கு மேல். ஒரே அளவு இறக்கை, கிட்டத்தட்ட ஆறு மடங்கு சுமை.

இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்கு. அப்படியானால் ஆறு மடங்கு சுமையைத் தூக்க எவ்வளவு வேகம் வேண்டும்? ஆறின் வர்க்கமூலம், அதாவது சுமார் 2.4 மடங்கு. எல்-4 மணிக்கு 61 கிலோமீட்டர் வேகம் வரை குறைந்தாலும் விழாது. 61-ஐ 2.4-ஆல் பெருக்கினால் 146. மெஸ்ஸர்ஷ்மிட் காற்றில் நிற்கக்கூடிய மிகக் குறைந்த வேகமும் உண்மையில் மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில்தான் இருந்தது. இரண்டு விமானங்களின் இறக்கை வடிவம் வேறு, நோக்கம் வேறு. இருந்தும் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இப்போது ஒரு ஜெர்மன் சண்டை விமானியின் இடத்தில் இருந்து பாருங்கள். எதிரே போகும் எல்-4-இன் வழக்கமான வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். அதன் பின்னால் ஒட்டிப் போய்க் குறிவைக்க வேண்டுமானால் அவர் தன் விமானம் விழுந்துவிடும் வேகத்துக்கும் கீழே போயாக வேண்டும். அது முடியாது. வேகமாகவே வந்தால் குறிபார்க்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். அதற்குள் தாண்டிப் போய்விடுவார். எல்-4 விமானியோ கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான நேரத்தில் பக்கவாட்டில் வெட்டித் திரும்புவார். திருப்பத்தின் ஆரமும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 45 பாகை சாய்ந்து திரும்பும்போது 120 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆரம் சுமார் 115 மீட்டர். 400 கிலோமீட்டர் வேகத்தில் அதே சாய்வுக்கு ஒன்றேகால் கிலோமீட்டர். மரங்களின் உயரத்துக்கு இறங்கி ஒரு தோப்பைச் சுற்றி வந்தால் போதும், துரத்துகிறவர் எங்கோ போயிருப்பார். இதற்காக எல்-4 பாதுகாப்பான விமானம் என்று சொல்லிவிட முடியாது. தரையிலிருந்து ஒரு சாதாரணத் துப்பாக்கி சுட்டாலும் குண்டு துணியைத் துளைத்து மறுபக்கம் போகும். நடுவில் விமானி உட்கார்ந்திருக்கிறார். 1942 நவம்பரில் மொராக்கோ கடலோரத்தில் ‘ரேஞ்சர்’ கப்பலிலிருந்து முதன்முதலாகப் போருக்குக் கிளம்பிய மூன்று எல்-4-களை, அடையாளம் தெரியாமல் சொந்தக் கப்பல்களே சுட்டன.

இத்தனை ஆபத்துக்கு நடுவே அதை எதற்கு மேலே அனுப்பினார்கள்? பார்ப்பதற்கு. சமவெளியில் நிற்கும் மனிதனுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 300 மீட்டர் உயரம் போனால் அது 60 கிலோமீட்டருக்கு அப்பால் விலகும். அமெரிக்கப் படையின் 105 மில்லிமீட்டர் பீரங்கி 11 கிலோமீட்டர் வரை எறியும். ஆனால் பீரங்கியருகே நிற்பவருக்குக் குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. மேலே இருப்பவருக்குத் தெரியும். ‘நூறு வலது, இருநூறு கூட்டு’ என்று ரேடியோவில் அவர் சொல்ல, அடுத்த குண்டு நெருங்கி விழும். அதற்கடுத்தது இலக்கில் விழும். எல்-4 வானில் தெரிந்தால் ஜெர்மன் பீரங்கிகள் பல நேரம் வாயை மூடிக்கொண்டன. சுட்டால் தீப்பொறி தெரியும். இடம் தெரிந்துவிட்டால் சில நிமிடங்களில் அங்கே குண்டுமழை. போரில் எல்-4 செய்த மிகப் பெரிய வேலை இதுதான் என்பது என் கருத்து. கார்ப்பென்டரின் பசூக்கா அதற்கு அடுத்துத்தான் வரும்.

ஆனாலும் அந்தப் பசூக்காவை விட்டுவிட முடியாது. அதில் இருக்கும் அறிவியல் அப்படிப்பட்டது.

முதலில் எடை. குழாய் ஒன்று ஆறேழு கிலோ, ராக்கெட் ஒன்றரைக் கிலோ. ஆறுக்கும் சேர்த்து 50 கிலோ அளவு. பார்வையாளரை ஏற்றாமல் தனியாகப் போனால் இந்தச் சுமைக்கு இடம் உண்டு. இரண்டாவது, பின்னுதைப்பு. ஒரு பீரங்கி குண்டை முன்னால் தள்ளும்போது அதே உந்தத்தோடு தானும் பின்னால் உதைக்கப்படுகிறது. டாங்கியைத் துளைக்கும் பீரங்கி எதையும் எல்-4-இல் மாட்டிச் சுட்டால் மரச் சட்டங்கள் முறிந்துவிடும். பசூக்கா இரு முனையும் திறந்த வெறும் குழாய். ராக்கெட்டின் உந்துமருந்து குழாய்க்குள்ளேயே எரிந்து, வாயு பின்வாய் வழியாக வெளியேறுகிறது. ராக்கெட் முன்னே போகும் உந்தமும் வாயு பின்னே போகும் உந்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. குழாய்க்கோ அதைப் பிடித்திருக்கும் இறக்கைக்கோ ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரு மனிதனின் தோள் தாங்கும் ஆயுதத்தைத் துணி விமானமும் தாங்கும். தோளில் வைத்துச் சுடும்போதும் மின்சாரம்தான் அதைப் பற்றவைக்கும் என்பதால், விமானிக்குப் பக்கத்தில் சுவிட்சுகளைக் கொண்டுவருவதும் எளிதாக இருந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பசூக்கா ராக்கெட்டின் வேகம் நொடிக்கு 80 மீட்டர் அளவு. கைத்துப்பாக்கிக் குண்டைவிடக் குறைவு. இவ்வளவு மெதுவாகப் போகும் பொருள் எஃகைத் துளைப்பது எப்படி? வேகத்தால் அல்ல. ராக்கெட்டின் தலைக்குள் ஒரு மெல்லிய உலோகக் கூம்பு, குழிவான பக்கம் முன்னோக்கி வைக்கப்பட்டிருக்கும். அதைச் சுற்றியும் பின்னாலும் வெடிமருந்து. இலக்கில் மோதியதும் வெடிமருந்து கூம்பை எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி நசுக்குகிறது. அந்த அழுத்தத்தில் உலோகம் மெல்லிய தாரையாகப் பிதுங்கி, நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறது. துளைப்பது அந்தத் தாரைதான். அதன் வலிமை ராக்கெட் வந்த வேகத்தைச் சார்ந்ததே அல்ல. அதனால் மெதுவான விமானத்திலிருந்து மெதுவான ராக்கெட்டை விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தத் தாரை 75 முதல் 100 மில்லிமீட்டர் எஃகு வரை துளைக்கும். ஜெர்மனியின் பாந்தர் டாங்கியின் முன்கவசம் 80 மில்லிமீட்டர்; ஆனால் மிகவும் சாய்த்துப் பொருத்தப்பட்டிருப்பதால் நேரே வரும் தாரை அதைவிட வெகுநீளமான எஃகைக் கடக்க வேண்டும். தரையில் படுத்துக்கொண்டு முன்னாலிருந்து சுட்ட எத்தனையோ பசூக்கா வீரர்கள் தோற்றுப்போனது அதனால்தான். பாந்தரின் கூரைத்தகடோ 16 மில்லிமீட்டர்தான். 45 டன் எடையுள்ள டாங்கியின் எஃகில் பெரும்பகுதி, எதிரி வரக்கூடிய திசைகளில் குவிக்கப்பட்டிருந்தது. மேலே கனம் சேர்த்தால் நகர முடியாது. கார்ப்பென்டர் மேலிருந்து வந்தார். வேகம் குறைவு என்பதால் நூறு மீட்டர் நெருங்கும்வரை குறிபார்க்க நேரம் இருந்தது; சுட்டபின் தரையில் மோதாமல் திரும்பவும் இடம் இருந்தது. வேகமான விமானத்துக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

போர் முழுவதிலும் அவர் பெயரில் எழுதப்பட்ட கணக்கு ஆறு டாங்கிகள். ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலைபார்த்த அமெரிக்கப் பெண்களின் அடையாளமாக விளங்கிய ‘ரோஸி தி ரிவெட்டர்’ என்ற பெயரைச் சற்றே மாற்றி, விமானத்தின் மூக்கில் ‘ரோஸி தி ராக்கெட்டர்’ என்று எழுதிவைத்திருந்தார். வரிசை எண் 43-30426. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1945-இல் கார்ப்பென்டருக்கு ஹாட்ஜ்கின் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அதிக நாள் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். அவர் ஊர் திரும்பி, இலினாயின் அர்பானா நகரில் மீண்டும் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்தார். கோடையில் சிறுவர்களுக்கு முகாம் நடத்தினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1966-இல் தன் 53-ஆம் வயதில் இறந்தார்.

விமானத்தை அமெரிக்கா திரும்ப எடுத்துப் போகவில்லை. போர் முடிந்த ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான ராணுவ விமானங்கள் உபரியாக நின்றன. பெரிய குண்டுவீச்சு விமானங்களும் சண்டை விமானங்களும் அறுக்கப்பட்டு அலுமினியமாக உருக்கப்பட்டன. அவற்றுக்குச் சமாதான காலத்தில் வேலை இல்லை, தீனியும் அதிகம். எல்-4-க்கு மட்டும் வேலை இருந்தது. புல்வெளியில் இறங்கும், கொஞ்சம் பெட்ரோல் குடிக்கும், ஊர் மெக்கானிக்கே பழுது பார்க்கலாம். ரோஸி ஆஸ்திரியாவுக்குப் போனது. ஓஇ-ஏஏபி என்ற பதிவெழுத்துகளோடு, எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துச் செல்லும் வேலை பார்த்தது. அதன் மெதுவான வேகம் அங்கேயும் கைகொடுத்தது. கிளைடரை இழுக்க அவசரக்காரன் உதவ மாட்டான். துணி மாறியது, நிறம் மாறியது, எழுதிய பெயர் எப்போதோ உரிக்கப்பட்ட துணியோடு போயிற்று. வேலை முடிந்ததும் கிராட்ஸ் நகரின் விமான நிலையத்தில் இருக்கும் விமான அருங்காட்சியகத்தில் நின்றது. அதற்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு அது பழைய பைப்பர்களில் ஒன்று, அவ்வளவுதான்.

அதன் கதையை மீட்டுத் தந்தது அந்த வரிசை எண். போர்க்காலப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் ஆர்வலர், 43-30426 இன்னும் முழுசாக இருக்கிறது என்று கண்டுகொண்டார். அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதை வாங்கி, ஒரிகன் மாநிலத்தில் பழுதுபார்க்கக் கொடுத்தது. 2020-இல் பணி முடிந்தது. மங்கிய பச்சை, மூக்கில் பழைய பெயர், இறக்கைத் தாங்கிகளில் ஆறு குழாய்கள். கார்ப்பென்டர் பறந்தபோது இருந்த துணியில் ஓர் இழைகூட மிச்சமில்லை. துணி விமானத்தில் அப்படி எதிர்பார்ப்பதும் தவறு. எண்ணைச் சுமந்த கூடு அதேதான். எனக்கு அது போதும்.

ரோஸி இப்போது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹட்சனில், அமெரிக்கன் ஹெரிட்டேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாஸ்டனுக்கு மேற்கே, காரில் போய்வரும் தூரம். அந்தப் பக்கம் பிள்ளைகளோ உறவினரோ இருக்கும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள். போனால், அதே அருங்காட்சியகத்தில் ஒரு பாந்தர் டாங்கியும் நிற்கிறது, அதையும் பாருங்கள். முன்கவசத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அதன் கூரைத்தகட்டையும் கவனித்துப் பாருங்கள்.